கரும்புத் துண்டும் கருப்பு ஓஸும்

குழாய்க் கடைக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. பாதிப் பேர் நனைந்தபடி வருவார்கள், மீதிப் பேர் நனைய வழியில்லாமல் வருவார்கள்.

ஜவுளிக் கடைக்காரன் கல்யாணப் பேச்சைக் கேட்கிறான். பாத்திரக் கடைக்காரன் சீர் வரிசைப் பேச்சைக் கேட்கிறான். எங்களிடம் வருகிறவர் வீட்டில் அடுப்படி முழுக்கத் தண்ணீர் நிற்கிறது, மனைவி ஒரு கையால் ஓட்டையைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் அவரை வாசல் பக்கம் காட்டியிருக்கிறாள். அவர் எப்படிச் சிரிப்பார்? உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. இதைப் படிக்கிற நேரத்தில்கூட உங்கள் வீட்டில் ஏதாவது ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். அடியில் ஒரு மக்கை வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வந்திருப்பீர்கள். என் வீட்டிலும் அப்படித்தான்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் என் தாய்மாமன் வைத்திருந்த பைப், ஃபிட்டிங்ஸ் கடையில் நான் உட்கார்ந்தது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்த வருஷங்களில். திருக்கோவிலூரில் படித்தேன். காலேஜில் சீட்டு கிடைக்கவில்லை. மார்க் போதவில்லையா, நான் பிறந்த ஜாதி போதவில்லையா, எனக்கு வராத சீட்டு யார் வீட்டுக்குப் போனது என்றெல்லாம் அப்போது நிறைய யோசித்தேன். ஐம்பதைத் தாண்டிய பிறகும் வியாபாரம் இல்லாத மதியங்களில் அந்த யோசனை வந்து எதிர் ஸ்டூலில் உட்காருவதுண்டு. ஆனாலும் அந்த வருஷங்களை நினைத்தால் மனதில் முதலில் எழுவது கசப்பு இல்லை. அது ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அளவு

எங்கள் தொழிலின் முதல் வேண்டுகோள்: பழைய துண்டைக் கையோடு கொண்டு வாருங்கள். யாரும் கேட்பதில்லை. விரலைக் கொண்டு வருவார்கள். அரை இஞ்சு என்றால் சுண்டு விரல், முக்கால் இஞ்சு என்றால் நடு விரல், ஒரு இஞ்சு என்றால் கட்டை விரல். குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தது வீட்டுக்காரம்மாவாக இருக்கும், கடையில் விரலை நீட்டுவது வீட்டுக்காரராக இருக்கும். இரண்டு விரலும் ஒன்றா? குழாய் திரும்புகிற இடத்தில் மாட்டும் எல்போவைக் கொடுத்தனுப்பினால் சாயங்காலம் அது தனியாகத் திரும்பி வராது, திட்டோடு வரும்.

எங்கள் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். உடைந்த குழாயின் வாயில் சரியாகப் பொருந்துகிற மாதிரி ஒரு கரும்பைத் தேடி, ஒரு சாண் நீளம் வெட்டி எடுத்து வருவார்கள். உள்வாய் அளவு பிசகாது. நான் பார்த்த அளவுகோல்களில் நம்பகமானது அதுதான்.

ரோட்டு மறியல் தொடங்கிய முதல் நாள், கடைகளை இன்னும் மூடாத நேரம், எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். காலை பஸ்ஸில் ஏறியவர் கடைக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. "ஒரு எல்போ குடுங்க" என்றார். என்ன சைஸ் என்று கேட்டேன். "அளவு கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லி இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறினார். தரையில் கொஞ்சம் சக்கை விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். கடித்தபோது வாயை எவ்வளவு திறந்தீர்கள் என்று காட்டச் சொல்லி, ஒரு இஞ்சிலும் ஒன்றேகாலிலும் ஒவ்வொன்று கொடுத்து, பொருந்தாததைத் திருப்பித் தாருங்கள் என்றேன். படியிறங்கும்போது அவர் சொன்னார்:

"பஸ்ஸு காத்தாலேருந்து ஒரே எடத்துல நின்னுக்கினு இருந்துச்சிங்க, பசி. பாதி தின்னுட்டு பாதிய அளவுக்கு வச்சிக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன். நல்ல கரும்புங்க."

மருமகளின் நிபந்தனை

அந்த மறியலுக்குச் சில வாரம் முன்னால், கல்வராயன் மலையிலிருந்து வெள்ளையன் என்பவர் வந்தார். கரியாலூரைத் தாண்டி, பஸ் ரோட்டிலிருந்து விலகி நடந்து போக வேண்டிய ஒரு சின்ன ஊர். பதினைந்து இருபது வீடு இருக்கும். சாமையும் கேழ்வரகும் போடுகிறவர். நாற்பத்தைந்து வயசு, காதில் சொருகிய பீடி, எதையும் சிரித்த மாதிரியே சொல்லும் வாய். கையில் பிளந்த மூங்கில் ஒன்று வைத்திருந்தார். அதை மேஜைமேல் வைத்து, "இத மாதிரி, ஆனா மூடினது, நீளமா வேணும்" என்றார்.

விஷயம் இதுதான். அவர் மகன் அண்ணாமலைக்கு அந்த வைகாசியில் கல்யாணம் ஆனது. பெண் பூங்காவனம், மலையடிவாரத்து ஊர்க்காரி. அவள் பிறந்த வீட்டுத் தெருமுனையில் குழாய் இருந்தது. இங்கே ஊற்று, ஒரு சரிவு ஏறி, பாறை தாண்டி, இன்னொரு சரிவில் இருந்தது. வந்த மாதமே குடத்தோடு வழுக்கி விழுந்து அவளுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. அப்பன் வந்து அழைத்துப் போனான். கை சரியானதும் அவளைக் கூட்டி வர மகனை அனுப்பினார்கள். அவள் வரவில்லை. "கொழா வந்தா நானும் வரேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் அப்பன் இன்னும் ஒரு படி மேலே போனான். மழை பிடிப்பதற்குள் குழாய் வர வேண்டும், மழை பிடித்த பிறகு அந்த வழுக்குப் பாதைக்கு என் பெண்ணை அனுப்ப மாட்டேன், பஞ்சாயத்து வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று.

இரும்புக் குழாய் மலைக்கு ஆகாது. கனம், ஒவ்வொரு நீளத்துக்கும் மரை போட வேண்டும், சணல் சுற்றி இறுக்க வேண்டும். வெள்ளை பிவிசி லேசு, ஆனால் பேஸ்ட் போட்டு ஒட்டினால் நீட்டின கோடாகத்தான் நிற்கும், பாறைக்குப் பாறை வளையாது. கருப்பு ஓஸ்தான் சரி என்றேன். பெரிய சுருளாக வரும், இணைப்பு குறைவு, தோளில் தூக்கலாம், மலை வளைகிற மாதிரி அதுவும் வளையும். ஊர் கூடிப் பேசி வாங்க முடிவு செய்தார்கள். மெட்ராஸுக்கு எழுதினேன். கிளம்பும்போது, பெண் பார்க்கும்போதே இந்தப் பேச்சு வரவில்லையா என்று கேட்டேன்.

"பையன பாத்தாங்க, வூட்ட பாத்தாங்க, மாட்டக்கூட பாத்தாங்க. ஊத்து எங்க இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா மட்டும் நானு நெசத்த சொல்லியிருப்பனா, கடக்காரரே?"

இரும்பு வீடு

சுருள்கள் வருவதற்குத் தாமதமானது. அண்ணாமலை மாமியார் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பான். அங்கே அவள் வரமாட்டேன் என்றதும் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி வருவான். கடைக்குள் தலையை மட்டும் நீட்டி, "வந்துடுச்சா?" என்பான். இல்லை என்றதும் தலை போய்விடும். இரண்டு இடத்தில் ஒரே நாளில் இல்லை என்று கேட்கிறவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பதைத் தவிர நான் என்ன செய்ய முடியும்?

அப்போது பிளாஸ்டிக் குழாயை எங்கள் ஊரில் முழுசாக நம்பினவர்கள் கம்மி. ஊரில் பெரிய நிலக்காரர் ஒருவர் சில வருஷம் முன்னால் அவர் வீட்டுக்குக் கனமான ஜிஐ இரும்புப் பைப்பும் அவர் நிலத்தைக் குத்தகைக்குப் பார்த்தவர் வீட்டுக்குப் பிவிசியும் ஒரே நாளில் வாங்கிப் போட்டிருந்தார். பிவிசியைச் சுண்டிப் பார்த்து, "இது இன்னாய்யா, முருங்கக்கா மாதிரி இருக்குது, இதுல தண்ணி வுட்டா நிக்குமா?" என்று கேட்டவர். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. இரும்பின் உள்சுவரில் அது கொஞ்சம் கொஞ்சமாகப் படியும், ஒரு இஞ்சுக் குழாயின் உள்ளே கடைசியில் பென்சில் போகும் வழிதான் மிச்சம் இருக்கும். பிளாஸ்டிக்கில் அவ்வளவு சீக்கிரம் ஒட்டாது.

ஒரு நாள் அவர் வந்து, மாட்டுக் கொட்டகைக்கு என்று சொல்லிப் பிவிசி கேட்டார். அளவைக் கேட்டு எழுதினேன். மூன்று வாய் உள்ள முக்கால் இஞ்சு டீ, வாஷ் பேசினை இணைக்கிற நிப்பிள், ஷவருக்கு ஒரு எல்போ. மாடு ஷவரில் குளிக்குமா என்று நான் கேட்கவில்லை, என் முகம் கேட்டிருக்க வேண்டும். பின்னால் நின்ற அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை:

"மாட்டுக் கொட்டாயி இல்ல தம்பி, வூட்டுக்குத்தான். குத்தகக்காரன் வூட்டுல தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, எங்க வூட்டுல பூன ஒண்ணுக்குப் போற மாதிரி வருது. இவருதான் ரெண்டு மாசமா வெளிய சொல்லாதன்றாரு."

ரெஞ்ச்

எங்கள் கடைக்கு ஃபிட்டர் முனுசாமி. என்னைவிட நாலைந்து வயசு சின்னவன். அவன் ஊரே போராட்டத்தில் இருந்தது, அவனும் இருந்தான். தம்பி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். "நான் பைப் புடிக்கறதோட நிக்கட்டும்ணா, அவன் புக்கு புடிக்கட்டும்" என்பான். நான் தலையாட்டுவேன். எனக்கு வராத சீட்டைப் பற்றி அவனிடம் வாய் திறந்ததில்லை. அவனுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி அவனும் கேட்டதில்லை. ஒரே தட்டில் பஜ்ஜி தின்றோம். அது நட்பா, இருவரும் சேர்ந்து செய்த ஜாக்கிரதையா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகவில்லை.

மறியலுக்கு முந்தைய ஏதோ ஒரு ஆர்ப்பாட்ட நாள். சாயங்காலம் ஒரு அதிகாரியின் வீட்டிலிருந்து ஆள் ஓடி வந்தான். வாஷ் பேசினுக்குக் கீழே நிப்பிள் உடைந்து தண்ணீர் பீய்ச்சுகிறது. மாடித் தொட்டிக்கு அடியில் ஒரு கேட் வால்வ் வைத்திருந்தால் திருகி நிறுத்திவிடலாம். வீடு கட்டுகிறவர்கள் முதலில் மிச்சம் பிடிப்பது அந்த வால்வில்தான், உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே இல்லை. தொட்டி காலியாகும்வரை பீய்ச்சும். முனுசாமியும் நானும் போனோம். அவன் பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்து, உடைந்த வாயில் துணியைத் திணித்தான். அதிகாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றவர், குனிந்து அவன் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக, "காலையில என் ஜீப்புக்கு முன்னால இதே மாதிரி படுத்திருந்தது நீதானே?" என்றார். தண்ணீர் அவன் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. அப்படியே கையை மட்டும் வெளியே நீட்டினான். அவன் கேட்டதை அதிகாரி எடுத்துக் கொடுத்ததையும் நான் சொல்லிவிட வேண்டும். முனுசாமி சொன்னது இவ்வளவுதான்:

"ஆமா சார். அந்த ரெஞ்ச கொஞ்சம் எடுங்க."

மரத்துக்கு அந்தப் பக்கம்

மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் என்றிருந்த சமயத்தில் சுருள்கள் மெட்ராஸிலிருந்து லாரி ஏறின. அதே நேரம் மறியல் ஆரம்பித்தது. ரோட்டுக்குக் குறுக்கே மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். லாரி டிரைவர் உளுந்தூர்பேட்டைக்கு நடந்து போய் எப்படியோ போன் பிடித்து, எலவனாசூர்கோட்டைக்கு இந்தப்பக்கம் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் லாரி நிற்கிறது என்றார். கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. போலீஸ் வேன்கள் போவதும் வருவதுமாக இருந்தன. சில ஊர்களிலிருந்து கேட்கக் கூடாத செய்திகள் வந்துகொண்டிருந்தன. வீட்டில் போகாதே என்றார்கள். முனுசாமி, "நான் கூட வரேன்ணா, என் மூஞ்சி அங்க செல்லும்" என்றான். என் மொபெட்டில் ஏரிக்கரை, வண்டிப் பாதை என்று சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில்.

ரோட்டின் குறுக்கே பெரிய புளியமரம். அதன்மேல் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. தலையில் துண்டு கட்டிய, மீசை நரைத்த ஒருவர் என்னை நிறுத்தினார்.

"எங்க போற?"

"அதோ அந்த லாரி. அதுல இருக்கிறது என் சரக்கு. ஓஸ் பைப்."

"யாருக்கு?"

"மலையில ஒரு ஊருக்கு."

"நீ இன்னா ஆளு?"

நான் பயந்துகொண்டே வந்தது இந்தக் கேள்விக்குத்தான். என்ன சொன்னால் சரி, எது பொய்யாகாது, எது வம்பாகாது என்று ஒரு நொடியில் எத்தனையோ ஓடியது. வாயில் வந்தது, "குழாய்க் கடைக்காரன்."

மரத்தின்மேல் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். முனுசாமி அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு பூங்காவனத்தின் கதையைச் சொன்னான். கதை முடிந்ததும் என்னை மறந்துவிட்டார்கள். "கட்டிக்குடுத்த பொண்ண அப்பன்காரன் வச்சிக்கினு இருக்கறது ஞாயமா?" என்றார் ஒருவர். "உன் பொண்ணு வழுக்கி வுழுந்தா நீ அனுப்புவியாடா?" என்றார் இன்னொருவர். மரத்தின் அடிப்பக்கம் உட்கார்ந்தவர்கள் மாமனார் வெள்ளையன் கட்சி, கிளைப்பக்கம் உட்கார்ந்தவர்கள் மருமகள் கட்சி என்று பிரிந்து கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. கடைசியில் மீசைக்காரர் துண்டை அவிழ்த்து உதறி எழுந்தார். "பேசினது போதும், எறக்குங்கடா."

சுருள் ஒவ்வொன்றும் மாட்டுவண்டிச் சக்கரம் போல இருந்தது. நாலு பேர் தூக்கி மரத்தைத் தாண்டி வைத்தார்கள், ஆளுக்கொன்றாக ரோட்டில் உருட்டிக்கொண்டு போனார்கள். வெறிச்சோடிக் கிடந்த அந்தப் பெரிய ரோட்டில் பெரிய மனிதர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கருப்புச் சக்கரங்களின் பின்னால் ஓடியதைப் பார்க்க வேண்டும். சரிவில் ஒரு சுருள் யார் கைக்கும் அடங்காமல் எலவனாசூர்கோட்டையைப் பார்த்துத் தானாகவே போனது. வயலில் விழுந்த அதைச் சேறோடு தூக்கி வந்தார்கள். மில்லுக்குப் போக முடியாமல் நின்றிருந்த கரும்பு வண்டி ஒன்றைப் பிடித்துக் கொடுத்து, எந்த வண்டிப் பாதையில் போனால் மரம் இருக்காது என்றும் சொன்னார்கள். நான் மீசைக்காரரிடம், மறியலில் இருந்துகொண்டு சரக்கை விட்டதற்கு உங்களை யாரும் ஏதும் கேட்க மாட்டார்களா என்றேன். அவர் துண்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டார்:

"ரோட்டதான்யா மறிச்சிக்கினு இருக்கோம். தண்ணிய எவன் மறிச்சான்?"

கவட்டைக் கம்பு

மறியல் ஓய்ந்து, அடிவாரம் வரை டிராக்டர் போனது. அங்கிருந்து வெள்ளையன் ஊர்க்காரர்கள், சுருளின் நடுவே கம்பை நுழைத்து இரண்டு பேர் இரண்டு பேராகத் தூக்கிப் போனார்கள். நாங்கள் இரண்டு நாளில் வருகிறோம், ஊற்று வாயில் சல்லடை கட்டுவது, சுருளுக்குச் சுருள் கப்ளிங் போட்டு இறுக்குவது எல்லாம் செய்யுங்கள், தண்ணீர் திறப்பதை நாங்கள் வந்து பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தோம். பூங்காவனத்தின் அப்பனுக்கும் ஆள் அனுப்பிவிட்டார்கள். வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் பெண்ணை விட்டுப் போகட்டும் என்று.

நாங்கள் ஏறியபோது மேற்கே மேகம் கூடியிருந்தது, ஊரின்மேல் மட்டும் வெயில் கொளுத்தியது. அப்பன் ஒரு பாறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பூங்காவனம். துணி மூட்டையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். அண்ணாமலை அவளைப் பார்க்காமல் மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலேயே ஊற்றில் திறந்துவிட்டார்களாம். ஓஸ் முனையில் மாட்டியிருந்த பித்தளைக் குழாயில் ஒரு சொட்டும் இல்லை. வெள்ளையன் அதில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்துக் கன்னம் ஒட்டிப்போய் நின்றார்.

முனுசாமி அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். அவர்கள் ஊரில் ஊற்றுத் தண்ணீர் வயலுக்குப் போவது பிளந்த மூங்கிலில். மூங்கில் தரையில் படக் கூடாது, கவட்டைக் கம்பு நட்டு அதன்மேல் தாங்கித்தான் கொண்டு போவார்கள். ஓஸையும் அதே மரியாதையோடு கவட்டைக்குக் கவட்டை தூக்கி வைத்திருந்தார்கள். மூங்கில் விறைப்பாக நிற்கும், வெயில் ஏறினால் ஓஸ் இளகித் தொங்கும். இரண்டு கவட்டைக்கு நடுவே ஒரு பள்ளம், கவட்டைமேல் ஒரு மேடு. மலை முழுக்க இப்படியே. ஒவ்வொரு மேட்டிலும் காற்று சிக்கி உட்கார்ந்திருந்தது. அதைத் தாண்டித் தண்ணீர் எப்படி வரும்?

"எல்லாத்தையும் எறக்கித் தரையில போடுங்க" என்றான் முனுசாமி.

"தரையில போட்டா பன்னி கடிக்குமே" என்றார் வெள்ளையன்.

"கடிச்சா வேற ஓஸு வாங்கிக்கலாம். மருமவள வேற வாங்குவியா?"

ஊரே இறங்கியது. கவட்டைகளைப் பிடுங்கிப் போட்டு, சரிவு மாறாமல் ஓஸைத் தரையோடு படுக்க வைத்தார்கள். முனுசாமி மேலே ஊற்றிலிருந்து ஆரம்பித்தான். முதல் கப்ளிங்கைத் தளர்த்துவான், காற்று புஸ்ஸென்று போகும், தண்ணீர் துப்பியதும் இறுக்குவான், அடுத்ததற்கு இறங்குவான். ஒவ்வொன்றிலும் தண்ணீர் வந்தது என்று மேலிருந்து ஒரு கூச்சல் கேட்கும். கூச்சல் கிட்டே வரவர அப்பன் கையை அவிழ்த்தான். கடைசியில் பித்தளைக் குழாய் இருமியது, கொஞ்சம் சருகைத் துப்பியது, பிறகு கொட்டியது. முதல் கையை நீட்டியது பூங்காவனம். நீட்டிய வேகத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கொதித்தது. கருப்பு ஓஸில் காலையிலிருந்து வெயிலில் கிடந்த தண்ணீர் அல்லவா? வெள்ளையன் என்னைப் பார்த்தார். அப்பன் மறுபடியும் கையைக் கட்டப் போனான். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, மாமனாரைப் பார்த்தபடி இரண்டாவது தடவை கையை நீட்டினாள்:

"இன்னா மாமா, வெந்நீரே வருது! எங்கம்மா வூட்டு கொழாயில இது வராதே."

போய்ச் சேர்ந்தது

அடுத்த வருஷம் ஆடியிலோ ஆவணியிலோ, மீசை நரைத்த ஒருவர் கடைக்கு வந்து ஃபுட் வால்வ் கேட்டார். கிணற்றில் உறிஞ்சு குழாயின் அடிமுனையில் மாட்டுகிற வால்வ் அது, தண்ணீர் திரும்ப இறங்கிவிடாமல் பிடித்துக்கொள்ளும். எடுத்துக் கொடுக்கும்போதுதான் தலையில் கட்டிய துண்டைப் பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரிவதற்கு முன்பே அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. மெலிந்திருந்தார். மறியலுக்குப் பிறகு கொஞ்ச காலம் ஜெயிலில் இருந்தாராம். அதை அவர் சொல்லவில்லை, முனுசாமி பிறகு சொன்னான். அன்றைக்கு அந்த மரத்துப் பக்கத்தில் நான் அவர் பெயரைக்கூடக் கேட்டிருக்கவில்லை. சரக்கு கிடைத்த சந்தோஷத்தில் வண்டியின் பின்னால் ஓடிவிட்டேன். எனக்காகச் சுருள் உருட்டிய அத்தனை பேரில் யார் வீட்டுக்கு என்ன ஆனது என்று பிறகாவது விசாரித்தேனா?

வால்வைக் கையில் வாங்கி, அதன் மூடியை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "அந்த ஓஸு இன்னா ஆச்சி?" என்றார். சொன்னேன். தண்ணீர் வந்தது, பூங்காவனம் அன்றைக்கே தங்கிவிட்டாள், இப்போது முழுகாமல் இருக்கிறாள், குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால் மதியம் வரை காத்திருக்கிறார்களாம், வெள்ளையன் அதை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிகிறார், பன்றி இதுவரை கடிக்கவில்லை. அவர் நன்றாகச் சிரித்தார். மரத்தின் கிளைப்பக்கம் உட்கார்ந்த மருமகள் கட்சிக்காரர்களிடம் சொல்ல வேண்டும் என்றார். நான் வால்வுக்குக் காசு வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை, மேஜைமேல் வைத்துவிட்டார். அப்போது இட ஒதுக்கீட்டுக்கு அரசாங்கத்திடமிருந்து ஒரு பதிலும் வந்திருக்கவில்லை. வாசல்படியில் நின்று ரோட்டைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

"அது போய் சேந்துடுச்சி, சந்தோசம். எங்களுதுதான் இன்னும் வழியில நிக்குது."

அவர்களுடையதும் பிறகு வந்தது, முனுசாமியின் தம்பிக்கு அதில் ஒரு சீட்டும் வந்தது, எனக்கு வராத சீட்டு மட்டும் எங்கே போனதென்று இன்னும் தெரியவில்லை, ஆனால் அது வந்திருந்தால் நான் ஏதோ ஒரு ஆபீசில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, ஊரார் எனக்காகக் குழாய் உருட்டிய அந்த மத்தியானத்தைத் தவறவிட்டு, என் வீட்டில் சொட்டுகிற குழாய்க்கு இன்னொருவன் கடையில் போய் விரலை நீட்டிக்கொண்டு நின்றிருப்பேன்.